பிளாட்டினம் அப்படியேதான் இருக்கு, பங்கு ஏன் பாதியாச்சு?

ராமநாதபுரத்தில் ஆடிட்டராக இருக்கிறேன். ஜூன், ஜூலை வந்துவிட்டால் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்து ஆட்கள்தான் ஆபீஸில் அதிகம் இருப்பார்கள், அதில் பாதிப் பேர் துபாயிலோ கத்தாரிலோ வருஷக்கணக்காக உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். வரிக் கணக்குக்கு என்று வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் பேச்சு பங்குக்குப் போய்விடும். கொஞ்ச காலமாக அதில் அடிக்கடி அடிபடுவது தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினமும் குரோமும் எடுக்கிற சின்னக் கம்பெனிகள். வளைகுடாவில் இருந்தபோது லண்டன் சந்தையில் வாங்கியது, டிவிடெண்ட் நன்றாக வந்தது, பிறகு விலை விழுந்தது.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தம்பி, பிளாட்டினம் விலை அப்படியேதானே இருந்துச்சு, என் பங்கு ஏன் பாதியாச்சு?"

காக்கா (அண்ணனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), நீங்கள் வாங்கியது பிளாட்டினம் இல்லை. மண்டபத்திலிருந்து போகிற விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். வலையில் இறாலும் வரும், கணவாயும் நண்டும் வரும், கோழித் தீவனத்துக்குப் போகிற சங்காயமும் வரும். இறால் விலையை மட்டும் கேட்டுவிட்டு எந்தப் படகுக்காரரும் லாபம் சொல்ல மாட்டார். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறையும் அப்படித்தான். உலகத்து பிளாட்டினத்தில் பெரும்பங்கு அங்கேதான் கிடைக்கிறது, ஆனால் தனியாக இல்லை, பல்லேடியம், ரோடியம், கொஞ்சம் தங்கம் எல்லாம் கலந்தே கிடைக்கும். கம்பெனிக்கு வருகிற காசு இந்த மொத்தக் கூடையின் விலை.

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், இதை நான் பேப்பரில் எழுதிக் காட்டாத வாடிக்கையாளர் குறைவு. பத்து அவுன்ஸ் எடுத்தால் ஏறத்தாழ ஆறு பிளாட்டினம், மூன்று பல்லேடியம், ஒன்று ரோடியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுரங்கத்துக்குச் சுரங்கம் கொஞ்சம் மாறும். 2021 ஏப்ரல் வாக்கில் பிளாட்டினம் அவுன்ஸ் 1,200 டாலர், பல்லேடியம் 2,600, ரோடியம் 28,000. தப்பாக அச்சாகவில்லை, இருபத்தெட்டாயிரம்தான். கூட்டினால் 7,200, 7,800, 28,000, மொத்தம் 43,000 டாலர். இதையே 2023 கடைசி விலையில் போடுங்கள். பிளாட்டினம் சுமார் 950, பல்லேடியம் 1,100, ரோடியம் 4,400. மொத்தம் 13,400. பிளாட்டினம் ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கிறது, கூடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. 2021இல் வாங்கிய கொழுத்த டிவிடெண்ட் உண்மையில் ரோடியம் கொடுத்தது. பெட்ரோல் வண்டியின் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட்டுக்குத்தான் அது பெரும்பாலும் போகிறது, வெள்ளைத் தங்க நகைக்குப் போடுகிற பளபளப்புப் பூச்சும் அதுதான். அப்படி ஒரு உலோகம் தங்கள் பங்கில் ஒளிந்திருப்பதே தெரியாமல் அந்தப் பங்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் குரோம். இதை நம் ஆட்கள் ஊறுகாய் மாதிரி ஓரமாக வைத்துப் பேசுகிறார்கள், அது தப்பு. புஷ்வெல்டில் யுஜி2 என்று ஒரு படிவம் இருக்கிறது, அதில் குரோமைட் ஏராளம். குரோம் போகிற இடம் வேறு, சீனாவுக்குப் போய் ஃபெரோகுரோம் என்கிற இரும்புக் கலவையாகி எவர்சில்வர் ஆகும், கார் விற்பனையோடு அதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. 2023இல் கூடை விலை சரிந்தபோது குரோம் விலை நன்றாகவே நின்றது. இரண்டையும் விற்கிற கம்பெனி அந்த வருஷத்தைத் தாங்கியது, பிளாட்டினக் குடும்ப உலோகங்களை மட்டும் நம்பியவர்கள் ஆட்களைக் குறைத்தார்கள். தாரிஸா மாதிரி திறந்தவெளிச் சுரங்கம் வைத்து இரண்டையும் எடுப்பவர்கள் ஒரு வகை. சில்வேனியா மாதிரி பழைய குரோம் சுரங்கங்கள் கழித்துப் போட்ட மணல்மேட்டை மறுபடி அரைத்து பிளாட்டினம் பிரிப்பவர்கள் இன்னொரு வகை. பின்னதில் ஆழச் சுரங்கம் இல்லை, செலவு குறைவு, அது நல்லது. ஆனால் மேடு என்றைக்காவது தீரும், புதுக் கழிவு வேண்டுமென்றால் பக்கத்துக் குரோம் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சுரங்கம் இன்னொரு கம்பெனிக்காரருடையது. அவர் வேலையை நிறுத்தினால் உங்கள் கம்பெனிக்கு அரைக்க மண் குறையும். (இந்த இரண்டு பெயரையும் உதாரணத்துக்குத்தான் சொன்னேன், வாங்குங்கள் என்றும் இல்லை, விற்றுவிடுங்கள் என்றும் இல்லை.)

காலாண்டு அறிக்கை வந்ததும் "உற்பத்தி கூடியிருக்கு, லாபம் குறைஞ்சிருக்கு, ஏமாத்துறாங்க" என்று ஒரு கோபம் கிளம்பும். பெரும்பாலும் ஏமாற்று இல்லை. கம்பெனி பிரித்துக் கொடுப்பதை உருக்காலைக்காரர் வாங்கி, தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, சில மாதம் கழித்து அப்போதைய விலையில்தான் கணக்கை முடிப்பார். கம்பெனிக் கணக்கில் ஏற்கெனவே உத்தேச விலையில் வரவு எழுதியிருப்பார்கள், இடையில் விலை இறங்கினால் அந்த வித்தியாசம் இந்தக் காலாண்டில் கழியும். இதோடு தென்னாப்பிரிக்கப் பணமான ரேண்ட் இருக்கிறது. வரவு டாலரில், சம்பளம், டீசல், மின்சாரம் எல்லாம் ரேண்டில். ரேண்ட் பலமானால் டாலர் விலை ஏறியும் கையில் மிஞ்சுவது குறையும். 2025இல் பிளாட்டினம் 900 சொச்சத்தில் தொடங்கி ஜூலைக்குள் 1,400ஐத் தாண்டியது, ஆபீஸில் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது, ரேண்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஸ்டேட்மெண்ட்டையும் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். பங்கு வைத்திருக்கிறேன் என்று சொன்ன ஒருவர் நீட்டிய தாளில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் சி.எஃப்.டி. என்று இருந்தது. அது பங்கே இல்லை, விலை ஏறும் இறங்கும் என்று புரோக்கரோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம், ராத்திரிக்கு ராத்திரி வட்டி வேறு. பங்குதாரர் பட்டியலில் அவர் பெயர் எங்கும் இருக்காது. ஊர் திரும்பிய பிறகு இங்கிருந்து அதற்கு மார்ஜின் என்கிற ஈட்டுப் பணம் அனுப்பவும் ரிசர்வ் வங்கி விதி இடம் தராது. நிஜப் பங்காகவே இருந்தாலும் லண்டனின் சின்னக் கம்பெனிச் சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிசு, வீடு கட்ட அவசரமாகக் காசு வேண்டும் என்று மொத்தமாக விற்கப் போனால் திரையில் தெரிகிற விலை கிடைக்காது.

இனி என் வேலை. வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய பங்கை ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது, அதில் பயமே வேண்டாம். ஆனால் திரும்பி வந்து முழு வசிப்பாளர் ஆகிவிட்ட வருஷத்திலிருந்து வருமான வரிப் படிவத்தில் ஷெட்யூல் எஃப்.ஏ. என்கிற வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை நிரப்பியாக வேண்டும். வருமானமே வராவிட்டாலும், ஒரு பங்கைக்கூட விற்காவிட்டாலும். வந்தவுடன் இரண்டு மூன்று வருஷம் பலருக்கு வெளிநாட்டுவாசிக்கும் முழு வசிப்பாளருக்கும் இடைப்பட்ட தகுதி கிடைக்கும், அதுவரை இந்தப் பட்டியல் தேவையில்லை. அது எப்போது முடிகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதில் நிதியாண்டு எடுபடாது, ஜனவரி முதல் டிசம்பர் வரை. வாங்கிய விலை, அந்த வருஷத்தின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, எல்லாம் ரூபாயில். மறைத்தால் 2015ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் விழலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் இருபது லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து தளர்த்தியிருக்கிறார்கள், அதற்காகக் காட்டவே வேண்டாம் என்று ஆகிவிடாது. அமீரகம் உட்படப் பல நாடுகள் கணக்கு விவரங்களை இந்தியாவுக்குத் தானாகவே அனுப்புகின்றன. 2024 நவம்பரில் வருமான வரித்துறை அதை வைத்துத்தான் குறுஞ்செய்தி அனுப்பியது, அந்த வாரம் என் போன் ஓயவில்லை.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது மச்சான் கணக்கில் வாங்குகிறவர்கள். இங்கே ரொக்கம் கொடுப்பது, உண்டியல் (ஹவாலா) வழியாக அது அங்கே போவது, அங்கே இருக்கிற சொந்தக்காரர் தன் பெயரில் பங்கு வாங்குவது. பங்கு ஏறினால் குடும்பத்தில் சண்டை, இறங்கினால் பெரிய சண்டை, சட்டம் பார்த்தால் பங்கும் உங்களுடையது இல்லை, பணம் அனுப்பிய வழியும் குற்றம். வங்கி வழியாகவே ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்று இருக்கும்போது இது எதற்கு? பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற தொகையில் இருபது சதவீதம் பிடிக்கிறார்கள் என்று முகம் சுளிக்கிறார்கள், அது வருமான வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய தொகைதான், கணக்குத் தாக்கல் செய்தால் மிச்சம் திரும்பி வரும்.

கடைசியாக ஒன்று, நாமக்கல் பக்கம் பிளாட்டினம் கிடைத்துவிட்டது, இப்போதே பங்கு வாங்கிப் போடுங்கள் என்று யாராவது வந்தால். சித்தம்பூண்டிப் பாறையில் குரோமைட்டோடு பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டது நிஜம். பாறையில் இருப்பது வேறு, லாபத்துக்கு எடுக்கிற அளவு இருப்பது வேறு. பிளாட்டினத்துக்கென்று ஓடுகிற சுரங்கம் இந்தியாவில் இன்றைக்கு எங்கும் இல்லை. பங்கு விற்க வருகிறவரிடம் சுரங்கக் குத்தகை யார் பெயரில் இருக்கிறது, எந்தச் சந்தையில் பட்டியலாகியிருக்கிறது, செபி பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்னிடம் வருவதற்கு முன்னால் இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் போன பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது.