பயொப்சி அறிக்கையில் கெரற்றினுக்கு என்ன வேலை?

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ கொழும்பின் தனியார் ஆய்வுகூடமொன்றிலோ கட்டியின் துண்டைப் பரிசோதிக்கக் கொடுத்தவர்களின் அறிக்கையில் "சி.கே.7 பொசிட்டிவ், சி.கே.20 நெகட்டிவ்" என்பதுபோல ஒரு வரி வருவதுண்டு. சி.கே. என்றால் சைற்றோகெரற்றின். வெள்ளவத்தை சலூன் பலகைகளில் எழுதியிருக்கிற கெரற்றினின் உறவுதான். தலைமயிர்ச் சாமானுக்குப் புற்றுநோய் அறிக்கையில் என்ன வேலை?

கெரற்றின் ஒரு தனிப் புரதம் அல்ல, பெரிய குடும்பம். மனிதரில் அதற்கு 54 பரம்பரை அலகுகள் வேலை செய்கின்றன. மயிருக்கும் நகத்துக்கும் உரியவை 17 மட்டுமே. மற்ற 37-உம் தோல், வாய், குடல், ஈரல், நுரையீரல், மார்பகம் என்று மேலணி இழையம் (உறுப்புகளின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் மூடும் கலப் படை) உள்ள இடங்களிலெல்லாம் பரவிக் கிடக்கின்றன.

அமிலத் தன்மையுள்ளவை முதலாம் வகை, காரத் தன்மையுள்ளவை அல்லது நடுநிலையானவை இரண்டாம் வகை. ஒரு வகை தனியே நின்று நூலாகாது. இதில் ஒன்றும் அதில் ஒன்றும் சேர்ந்து தும்புக் கயிறுபோல முறுக்கிக்கொண்டால்தான் 10 நனோமீற்றர் தடிப்பான இழை உருவாகும். சோடி கிடைக்காத கெரற்றினைக் கலமே சிதைத்துவிடும். கெரற்றின்களை எண்ணால்தான் அழைப்பார்கள். எந்தச் சோடி என்பது இடத்துக்கு இடம் மாறும்: தோலின் அடி அடுக்கில் 5-உம் 14-உம், அதற்கு மேலே 1-உம் 10-உம், ஈரற்கலத்தில் 8-உம் 18-உம், கன்னத்தின் உட்புறத்தில் 4-உம் 13-உம், கண்ணின் விழிவெண்படலத்தில் 3-உம் 12-உம்.

இழையின் வேலை தாங்குவது. 1991-இல் இது மனிதரில் உறுதியானது. சிறு உராய்விலேயே தோல் கொப்புளிக்கும் எபிடேர்மொலிசிஸ் புலோசா சிம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரை நோயில், கெரற்றின் 14-இன் 125-ஆவது இடத்திலுள்ள ஆர்ஜினின் மாறியிருந்தது. ஓர் அமினோ அமிலம் பிசகினால் போதும்: இழைகள் திரண்டு உருண்டையாகி, அடி அடுக்கின் கலம் தேய்க்கும்போதே கிழிகிறது. வெக்கையிலும் வியர்வையிலும் இந்நோய் கூடும் என்பதால் நம் காலநிலையில் பிள்ளைகளின் கை, கால்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

புற்றுநோய்க்கு வருவோம். கலம் புற்றாக மாறினாலும் தன் பழைய கெரற்றின் சோடியைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை. ஈரலில் ஒரு கட்டி இருந்தால் அது ஈரலிலேயே பிறந்ததா, வேறிடத்திலிருந்து பரவியதா என்று ஊகிக்க இது உதவுகிறது. பெருங்குடல் புற்று வழக்கமாக 20-ஐக் காட்டும், 7-ஐக் காட்டாது. நுரையீரல், மார்பகம், சூலகம் ஆகியவற்றின் சுரப்பிப் புற்றுகள் இதற்கு நேர்மாறு. ஈரற்கலப் புற்றிலும் புரொஸ்ரேற் புற்றிலும் வழக்கமாக இரண்டுமே இராது. மேர்க்கல் கலப் புற்று என்ற அரிய தோற்புற்றில் 20 கருவின் அருகே ஒரு பொட்டுப்போலத் தெரியும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

இந்தச் சோதனை கெட்டுப்போவது அநேகமாக ஆய்வுகூடத்துக்கு வருமுன்னரே. வெட்டிய துண்டு உடனே 10 வீத நடுநிலைப் போமலினில் விழவேண்டும், திரவம் துண்டைப்போல் குறைந்தது 10 மடங்கு இருக்கவேண்டும். போமலின் மணிக்கு 1 மில்லிமீற்றர் அளவே ஊடுருவும். பெரிய கட்டியை அறுக்காமல் அமிழ்த்தினால் வெளியே பதப்பட, நடு அழுகும். போத்தலைக் கையில் கொண்டுபோகும் உறவினர்களுக்கு இரண்டே சொல்: சிந்தினால் தண்ணீர் விட்டு நிரப்பாதீர்கள், பிரீசரில் வைக்காதீர்கள்.

பிறகு மெழுகில் பதித்து 3-4 மைக்குரோமீற்றர் சீவல் எடுப்பார்கள். போமலின் புரதங்களைக் குறுக்காகக் கட்டிவைத்திருப்பதால் கெரற்றினைத் தேடிப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிக்கு (அன்ரிபொடி) அது எட்டாது. அதற்காகச் சீவலைச் சித்திரிக் அமில உப்புக் கரைசலில் 95 பாகைக்கு மேல் 20 நிமிடமளவு சூடாக்குவார்கள். ஐதரசன் பெரொட்சைட்டால் இரத்தத்தின் சொந்த நொதியத்தை அடக்கி, பிறபொருளெதிரியை ஊற்றி, கடைசியில் நிறமூட்டுவார்கள். கெரற்றின் உள்ள இடம் கபிலம், கருக்கள் நீலம். இடையில் சீவல் காய்ந்தால் விளிம்பு முழுவதும் பொய்க் கபிலமாகும். ஆகவே பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுச் சீவல் வேண்டும்: 7-க்கு ஈரல் நல்லது, பித்தக்கான் கபிலமாகும், சுற்றியுள்ள ஈரற்கலங்கள் நீலமாகவே நிற்கும். பித்தக்கானும் நீலமாக நின்றால் அன்றைய "நெகட்டிவ்" எதையும் நம்பக்கூடாது.

நிணநீர்க் கணுவில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்குள்ள சில சாதாரண வலைக்கலங்களும் 8, 18-ஐக் காட்டும். உருவத்தைப் பாராமல் கபிலத்தை மட்டும் எண்ணினால் இல்லாத பரவல் இருப்பதாக எழுதப்படும். வெறும் 7, 20 வரியை இணையத்தில் தேடி "எந்தப் புற்று" என்று முடிவுகட்டுவதும் அதே தவறுதான். கூடவே நுரையீரல், தைரொயிட் புற்றுகளைச் சுட்டும் ரீ.ரீ.எவ்.1 போன்ற வேறு குறிகாட்டிகளும் பார்க்கப்பட்டிருக்கும்.

சோடி மாறுவதும் செய்திதான், இலங்கையில் அதற்கு வெற்றிலைச் செப்பைவிட நல்ல உதாரணம் இல்லை. கன்னத்தின் உட்தோல் இயல்பில் கெரற்றின் படலம் போடாத ஈரமான தோல். பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் நாள்முழுதும் உராய, அது தடித்துப் படலம் போடத் தொடங்கும். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டாக அது கண்ணாடியில் தெரியும். கலங்கள் பிறழத் தொடங்கினால் 13 மறைந்து 17 தலைகாட்டும். சந்தேகமான துண்டுகளில் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான். புகையிலை சேராத பாக்கும் புற்று உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. திட்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் வாய் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இரத்தத்திலும் கெரற்றின் துண்டுகளைத் தேடலாம். ஈரற்கலம் சாகும்போது கஸ்பேஸ் நொதியங்கள் 18-ஐ நறுக்கும். அந்தத் துண்டை அளக்கும் எம்.30 சோதனை கொழுப்பு ஈரல் ஆய்வுகளில் பயன்படுகிறது. நுரையீரல் புற்றில் 19-இன் துண்டை அளப்பது சைப்ரா 21-1. நோய் உறுதியான பிறகு சிகிச்சை பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க இது உதவும். சிறுநீரகம் செயலிழந்தவர்களிலும் இதே அளவு ஏறும் என்பதால், நலமாக இருப்பவர் "ஃபுல் செக்கப்" பட்டியலில் இதைச் சேர்த்துக் காசு கொடுக்கத் தேவையில்லை.