அன்னபெர்க் இடிபாடுகள்: ஒரு பழைய சர்க்கரை ஆலை இயங்கிய விதம்

கரீபியக் கடலிலுள்ள செயின்ட் ஜான் தீவின் வடகரையில், கடலைப் பார்த்த ஒரு குன்றின் மேல் அன்னபெர்க் சர்க்கரைத் தோட்டத்தின் இடிபாடுகள் நிற்கின்றன. டென்மார்க்கின் குடியேற்றமாக இருந்த இத்தீவை 1917இல் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. 1796இல் ஜேம்ஸ் மர்ஃபி என்ற வணிகரின் கைக்கு வந்த பிறகே அன்னபெர்க் பெரிய ஆலையாக வளர்ந்தது. வருபவர்களில் பலர் காற்றாலைக் கோபுரத்தைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உச்சியில் காற்றாலை, அதற்குக் கீழே காய்ச்சும் கூடம், அருகில் சக்கைக் கொட்டகை என்று கட்டடங்கள் ஏன் இப்படி அமைந்தன என்று யோசித்தால், கரும்புச் சாற்றின் இரண்டு குணங்களில் விடை கிடைக்கிறது: அது விரைவில் கெட்டுவிடும், அதில் பெரும்பகுதி தண்ணீர்.

வெட்டிய கரும்பில் சுக்ரோஸ், அதாவது படிகமாகும் சர்க்கரை, அப்படியே இருப்பதில்லை. நொதிகளும் நுண்ணுயிரிகளும் அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கத் தொடங்குகின்றன. இவ்விரண்டும் படிகமாவதைக் கெடுப்பவை. கரும்பை ஓரிரு நாளுக்குள் ஆட்டியாக வேண்டும். ஆட்டிய சாற்றைச் சில மணி நேரத்துக்குள் அடுப்பேற்ற வேண்டும். இல்லையென்றால் புளித்துப்போகும். ஆலையைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டியதற்கும், அறுவடை மாதங்களில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இரவும் பகலும் முறைவைத்து வேலை வாங்கப்பட்டதற்கும் இந்த அவசரமே காரணம். இயற்கையின் நிர்ப்பந்தம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் அதன் சுமை முழுவதும் ஒரு சாராரின் தலையில் ஏற்றப்பட்டது.

1810க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட காற்றாலைக் கோபுரம் 38 அடி உயரம் கொண்டது. அடியில் 34 அடி விட்டமுள்ள அது, உச்சியில் 20 அடியாகக் குறுகுகிறது. ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று இதன் இறக்கைகளைச் சுழற்றியது. காற்று ஓய்ந்தால் பக்கத்து வட்டக் களத்தில் கோவேறு கழுதைகளோ மாடுகளோ சுற்றிவந்து உருளைகளை இயக்கின. கோபுரத்துக்குள் மூன்று இரும்பு உருளைகள் செங்குத்தாக நின்றன. நடு உருளை சுழலும்போது பற்சக்கரங்கள் வழியே மற்ற இரண்டும் எதிர்த்திசையில் சுழலும். ஒருவர் கரும்பை முதல் இடுக்கில் செருக, மறுபுறம் நிற்பவர் நசுங்கி வந்த தண்டை இரண்டாம் இடுக்கு வழியே திருப்பி அனுப்புவார். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் உருளை கையையே உள்ளே இழுத்துவிடும். காற்றின் வேகத்தில் ஓடும் இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்த வழியில்லாததால், சிக்கிய கையைத் துண்டிக்க உருளைகளின் அருகிலேயே ஒரு கோடரி வைக்கப்படுவது கரீபியத் தோட்டங்களின் வழக்கம்.

சாறு ஒரு வாய்க்கால் வழியே சரிவில் தானாக இறங்கிக் காய்ச்சும் கூடத்தை அடைந்தது. ஆலை உச்சியில் இருந்ததால் இறைக்க வேண்டிய தேவை எழவில்லை. அங்கே அளவில் படிப்படியாகக் குறையும் ஐந்து செப்புக் கொப்பரைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. முதலில் சாற்றில் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அது அமிலத்தைத் தணித்துச் சுக்ரோஸ் பிளவுபடுவதைத் தடுக்கிறது; சூடேறும்போது புரதங்களையும் பிற கசடுகளையும் திரளச் செய்கிறது. மிதக்கும் அழுக்கை வழித்தெடுத்தபடி சாற்றை அடுத்தடுத்த கொப்பரைக்கு முகந்து மாற்றுவார்கள். நீர் ஆவியாகச் சாற்றின் அளவு சுருங்கும். கொப்பரைகள் சிறுத்துக்கொண்டே போவது அதனால்தான். இவ்வகைக் காய்ச்சும் வரிசைகளில் தீ மிகச் சிறிய கொப்பரைக்குக் கீழே எரியும். அதன் வெப்பக் காற்று மற்ற கொப்பரைகளின் அடியைத் தடவிக்கொண்டு புகைபோக்கிக்குப் போகும். ஓரடுப்பில் ஐந்து கொப்பரை காயும் சிக்கனமான ஏற்பாடு இது. அடுப்புக்கு எரிபொருள் காய்ந்த கரும்புச் சக்கை. காடுகளை அழித்துத் தோட்டமாக்கிய தீவுகளில் விறகு அரிதாகிவிட்டது.

கடைசிக் கொப்பரையில் பாகு 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும், ஏனெனில் சர்க்கரை அடர்ந்தால் கொதிநிலை உயரும். வெப்பமானி இல்லாமல், ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இழுத்துக் கம்பிப் பதம் பார்த்தார்கள். சற்றுத் தாமதித்தாலும் பாகு கருகிவிடும், முந்தினால் படிகம் கட்டாது. ஓராண்டு விளைச்சலின் மதிப்பு, அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளியின் விரல் நுனி அறிவில் தொங்கியது என்று சொன்னால் அது மிகையல்ல.

பதம் வந்த பாகு அகன்ற மரத் தட்டுகளில் ஆறிப் படிகமாகும். அதை அடியில் துளையிட்ட பெரிய பீப்பாய்களில் நிரப்பி வாரக்கணக்கில் வைத்தால், படிகமாகாத கழிவுப்பாகு சொட்டிவிடும். பீப்பாயில் தங்குவது பழுப்புச் சர்க்கரை. படிகமாகாதது ஈஸ்ட்டுக்கு நல்ல உணவாகும் என்பதால், கழிவுப்பாகையும் வழித்தெடுத்த அழுக்கையும் புளிக்கவைத்து வடித்து ரம் எடுத்தார்கள்.

இந்த முறை எவ்வளவு விரயமானது என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 420 கிலோஜூல் போதும். ஆனால் அதை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். திறந்த கொப்பரையில் அவ்வளவு வெப்பமும் கூரை வழியே போய்விடும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுதந்திரக் கறுப்பினத் தாய்க்குப் பிறந்த நோர்பெர்ட் ரில்யூ, ஒரு கலத்தில் எழும் நீராவியைக் கொண்டே அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கும் கருவிக்கு 1843இல் காப்புரிமை பெற்றார். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைவதால் சர்க்கரை கருகவில்லை. எரிபொருளும் வெகுவாக மிச்சமானது.

ஆனால் அத்தகைய கருவி பெரிய முதலீட்டையும் பரந்த கரும்பு வயல்களையும் கேட்டது. செயின்ட் ஜானின் செங்குத்தான சரிவுகளில் இரண்டுமே இல்லை. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரியும் பிரிட்டிஷ் தீவான டோர்டோலாவில் 1834இல் அடிமைமுறை ஒழிந்ததும், இங்கிருந்தவர்கள் படகேறி அங்கே தப்பத் தொடங்கியிருந்தனர். டேனிஷ் தீவுகளிலும் 1848 ஜூலை 3 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டபோது, கட்டாய உழைப்பின்றி இந்தக் கொப்பரைகளால் கட்டுப்படியாகவில்லை. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1956இல் தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.