ஒருதார மணம்: ‘மோனோகமி’க்கு இந்தச் சொல் போதுமா?

ஒரே துணையோடு வாழ்வதைக் குறிக்கும் மோனோகமி (monogamy) என்ற ஆங்கிலச் சொல்லை ‘ஒருதார மணம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். தாரம் என்றால் மனைவி. ‘அவர் ஒருதார மணத்தில் நம்பிக்கை உள்ளவர்’ என்று ஓர் ஆணைப் பற்றி எழுதினால் பொருள் தெளிவு. அதையே ஒரு பெண்ணைப் பற்றி எழுதிப் பாருங்கள். தன் கணவருக்கு வேறு மனைவி இருக்கக்கூடாது என்று அவர் நினைப்பதாகத்தான் பொருள் வரும். அவருக்கு ஒரு துணை போதுமா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

கிரேக்க மூலத்தில் இந்தச் சாய்வு கிடையாது. மோனோஸ் என்றால் ஒன்று, காமோஸ் என்றால் மணம். (காமோஸுக்கும் நம் காமத்துக்கும் உறவில்லை, ஒலியைக் கேட்டு ஏமாற வேண்டாம்.) சாய்வு தாரத்தோடு வந்தது. வடமொழியில் ‘தார’ மனைவியைக் குறித்தாலும் இலக்கணப்படி ஆண்பால், அதுவும் பன்மை. தமிழுக்கு வந்தபின் அது எண்ணப்படும் பொருளாயிற்று: மூத்த தாரம், இளைய தாரம், இரண்டாந்தாரம். பெண்ணின் இரண்டாவது கணவருக்கு இப்படியொரு வழக்குச் சொல் நம்மிடம் இல்லை. மறுமணம் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ‘ஒருவனுக்கு ஒருத்தி’ மட்டும் என்னவாம்? திருப்பிப் போட்டு ‘ஒருத்திக்கு ஒருவன்’ என்றால் காதில் இடறுகிறது.

சிங்கப்பூரின் சட்ட வரலாற்றில் ஒரு கட்டம்வரை ‘ஒருதார மணம்’ மிகச் சரியான சொல்லாகவே இருந்தது. 1908இல் தீர்ப்பான ‘ஆறு விதவைகள் வழக்கு’, சீன ஆண்களின் பலதார மணத்தைச் சட்டம் ஏற்க வழிவிட்டது. அந்த வழக்கத்தை எதிர்த்தே பெண்ணுரிமைப் போராளி ஷிரின் ஃபோஸ்டாரும் 1952இல் அமைந்த சிங்கப்பூர் மாதர் மன்றமும் போராடின. 1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி எடுத்துக்கொண்ட முழக்கமும் ‘ஓர் ஆணுக்கு ஒரு மனைவி’ என்பதே. ஆனால், 1961 செப்டம்பர் 15 அன்று நடப்புக்கு வந்த மாதர் சாசனம் என்ற சட்டத்தின் விதி இருபாலாருக்கும் பொது: ஒரு மணம் நீடிக்கும்போது கணவரோ மனைவியோ இன்னொரு மணம் செய்ய முடியாது. எனவே இந்த விதியை விளக்கும்போது ‘ஒருதுணை மணம்’ என்பதே பொருந்தும். முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச்சட்டம் உண்டு. ஆண் மட்டுமே, முஸ்லிம் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரியான காதியின் அனுமதியோடு, மேலும் மணம் செய்யலாம். அங்கே ‘பலதார மணம்’ என்பது துல்லியமான சொல். ஆண் பெண் இருவரையும் தழுவும் பொதுச்சொல் வேண்டுமானால் ‘பலதுணை மணம்’. மனைவிக்குப் பல கணவர் என்றால் ‘பலகணவர் மணம்’.

உயிரியலில் குழப்பம் இன்னும் கூடுதல். பறவைகள் தாலி கட்டுவதில்லை. அங்கே ‘மணம்’ என்ற பகுதியே கழன்றுவிடுகிறது. பறவை இனங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இணையாக வாழ்கின்றன என்று பறவையியலாளர் டேவிட் லாக் 1968இல் கணக்கிட்டார். 1980களில் மரபணுச் சோதனை வந்ததும் கூட்டிலிருந்த குஞ்சுகளின் தந்தை யார் என்று பார்த்தார்கள். இணையாக வாழும் இனங்களில் சராசரியாகக் குஞ்சுகளில் சுமார் 11 விழுக்காடு வேறோர் ஆணுக்குப் பிறந்தவை. ஆகவே ஒரே சொல்லை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று: கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது ‘இணைவாழ்வு’, வேறெங்கும் புணராதது ‘ஒருதுணைப் புணர்ச்சி’. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் பெண் இருவாச்சி மரப்பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க, ஆண் இடுக்கு வழியே இரை ஊட்டும். அந்தப் படத்துக்கு ‘கற்புள்ள பறவை’ என்று தலைப்பிட்டால் இரண்டையும் குழப்பிவிட்டோம் என்று பொருள். அது முட்டையையும் குஞ்சையும் காக்கும் ஏற்பாடு.

மோனோகமியோடு ஒட்டியே வரும் ‘ஆண் அலைவான், பெண் நிலைப்பாள்’ என்ற நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்தியது மரபியலாளர் பேட்மன் 1948இல் பழ ஈக்களை வைத்துச் செய்த ஆய்வு. கூடுதல் துணையால் ஆணுக்கே ஆதாயம், பெண்ணுக்கு இல்லை என்றார். அக்காலத்தில் மரபணுச் சோதனை ஏது? ஒவ்வோர் ஈக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒரு மரபணுப் பிறழ்வைக் கொடுத்து, தாயின் அடையாளமும் தந்தையின் அடையாளமும் சேர்ந்திருக்கும் குஞ்சை மட்டும் கணக்கில் எடுத்தார். சிக்கல் அதில்தான். இரண்டு பிறழ்வுகளைச் சுமந்த குஞ்சுகளில் பல, எண்ணும் முன்பே இறந்தன, கணக்கே கோணிவிட்டது. பாட்ரிசியா கோவாட்டியின் குழு அதே சோதனையைத் திரும்பச் செய்து 2012இல் இதைக் காட்டியது.

இனி கற்பு. இதை மோனோகமியின் தமிழாக வைப்பதும் தவறு. தொல்காப்பியத்தில் கற்பு என்பது கரணத்தோடு, அதாவது சடங்கோடு, கொடுப்போர் கொடுக்கக் கொள்ளும் மணவாழ்வு, களவுக்கு, அதாவது பிறர் அறியாக் காதலுக்கு, எதிர்ச்சொல். ‘வேறோர் ஆணை நினையாமை’ என்று அது சுருங்கியது பிற்பாடு. பெண் வேட்கையைப் பற்றியும் அந்நூல் ஒன்று சொல்கிறது: தன் வேட்கையைத் தலைவன் முன் எடுத்துரைத்தல் தலைவிக்கு இல்லை. மறுக்கப்படுவது சொல்வதுதான், வேட்கை உண்டு என்பது அங்கே எடுத்துக்கொண்ட செய்தி. வேட்கைக்கு வேர் ‘வேள்’. அதே வேரிலிருந்து வரும் ‘வேட்டல்’ என்பதற்கு விரும்புதல், மணத்தல் இரண்டும் பொருள்.

சொல்லாததை இல்லாததாக எண்ணுவது இன்றும் தொடர்கிறது. மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் முன்வைத்த பிரிப்பு இங்கே உதவும்: தானே எழும் வேட்கை ஒன்று, நெருக்கத்துக்கு விடையாக எழும் வேட்கை மற்றொன்று. முதலாவதை மட்டும் அளந்தால் பல பெண்களுக்கு ‘விருப்பமில்லை’ என்று பதிவாகும். பெண்ணின் வேட்கை நீண்ட உறவில்தான் மலரும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. பிரிட்டனில் 2010 முதல் 2012 வரை எடுத்த தேசிய ஆய்வில், முந்தைய ஆண்டில் மூன்று மாதமோ அதற்கு மேலோ உடலுறவில் நாட்டம் இல்லை என்றவர்கள் பெண்களில் 34, ஆண்களில் 15 விழுக்காடு. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவிலும், சிறுபிள்ளைகள் உள்ள வீட்டிலும் இருந்த பெண்களிடம் அது கூடுதலாக இருந்தது. இதை வைத்து அவர்கள் வேறு துணை தேடுவதாகவும் முடிவுகட்ட முடியாது. பலதுறை மருந்தகத்தில் மொழிபெயர்ப்பவர் ‘பாலுணர்வுக் குறைபாடு’ என்று சொல்லிவிட்டால் அது நோயின் பெயராகிவிடும். ‘நாட்டம் எழவில்லை’ என்றால் ஏன், எப்போதிருந்து என்று மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்க வழி இருக்கும்.

‘பெண்கள் இயல்பிலேயே மோனோகமஸ்’ என்ற வாக்கியத்தைத் தமிழாக்கச் சொன்னால், எழுதியவரிடம் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். மணமா? ஒருதுணை மணம். சேர்ந்து வாழ்வதா? இணைவாழ்வு. உடலுறவா? ஒருதுணைப் புணர்ச்சி. வேட்கை என்று அவர் சொன்னால், மோனோகமி அதற்கான சொல்லே இல்லை. வாக்கியத்தைத் திருப்பி அனுப்பலாம். வானொலியில் பேசுவோருக்கு இவை எல்லாமே சற்று விறைப்பாகத் தோன்றும். ‘ஒரே துணையோடு வாழ்வது’ போதும்.