மயக்க மருத்துவர்: பெயரிலேயே ஒரு மயக்கம்

"மயக்கம் எப்போ தெளியும், டாக்டர்?" அறுவை சிகிச்சை என்றாலே வருகிற கேள்வி இது. அனஸ்தீசியாவுக்கு நம் வழக்கில் மயக்கம் என்ற சொல் அந்த அளவுக்கு ஊறிவிட்டது.

இலக்கணத்தில் மயக்கம் என்றால் கலப்பு. மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எல்லாம் அப்படித்தான். தெளிவின்மை, தலைசுற்றல், நினைவிழப்பு என்ற பொருள்களும் அதே சொல்லுக்கு உண்டு. அனஸ்தீசியா என்ற கிரேக்கச் சொல்லின் வழி வேறு: 'அன்' என்றால் இன்மை, 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்வு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், அறுவை சிகிச்சைக்கு ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துக் காட்டினார். அடுத்த மாதமே மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி, இந்தப் பழைய சொல்லை அந்த நிலைக்குப் பெயராகப் பரிந்துரைத்தார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உணர்வகற்றல்'. கால் மரத்துப்போச்சு என்கிறோமே, அந்த 'மரப்பு' இன்னும் நெருக்கம்.

ஆனால் முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும்போதும், மூளைக் கட்டியை எடுக்கும்போதும் இந்தப் பொருள் இடிக்கிறது. ஆள் தூங்க வேண்டும், வலி தெரியக் கூடாது. நரம்பு மட்டும் மரத்துவிடக் கூடாது; அறுவையின்போது அதற்குச் சேதம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கணுக்கால் நரம்பைச் சிறு மின்சாரத்தால் தூண்டி, அது மூளைக்குப் போய்ச் சேர்வதை உச்சந்தலையில் பதிவுசெய்வார்கள். தலையில் தூண்டி, கால் தசை துடிக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இவற்றின் ஆங்கிலப் பெயரான 'இவோக்ட் பொட்டென்ஷியல்' (evoked potential) என்பதை 'தூண்டிய மின்னழுத்தம்' என்று பெயர்ப்பதைவிட 'தூண்டல் மறுமொழி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மொத்த வேலைக்கும் 'நரம்புக் கண்காணிப்பு' போதும்.

இங்கேதான் மயக்க மருத்துவருக்குச் சோதனை. செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவைக் கூட்டினால் அந்த மறுமொழி சுருங்கிவிடும். தசைத் தளர்வு மருந்து இருந்தால் கால் துடிக்காது. அதனால் மூச்சுக்கான குழாயை வைத்த பிறகு தளர்வு மருந்தை நிறுத்திவிட்டு, பால் போல் வெள்ளையான புரோபோஃபால் என்ற தூக்க மருந்தையும் வலிமருந்தையும் ரத்தக்குழாய் வழியே சீராக ஓட விடுவார். கணுக்கால் தூண்டலுக்கு வரும் அலையின் உயரம் பாதியாகக் குறைந்தால் எச்சரிக்கை. அறுவை மருத்துவர் கையை நிறுத்துவார். முதுகெலும்பில் போட்ட திருகு நரம்பை அழுத்துகிறதா, மின்முனை கழன்றதா, இல்லை ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதா? கடைசிக் கேள்விக்குப் பதில் மயக்க மருத்துவரிடம்தான். அழுத்தத்தை ஏற்றினாலே அலை திரும்பிவிடுவதும் உண்டு.

இந்தக் கருவிகள் பரவும் முன் ஒரு வழி இருந்தது. 1973இல் பிரான்சில் ஸ்டாக்னாரா என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் வெளியிட்டது: சிகிச்சை நடுவே மயக்கத்தைத் தெளியவைத்து, "காலை அசையுங்கள்" என்று கேட்பது. அசைந்தால் மறுபடி தூங்கவைப்பார்கள்.

மயக்கவியல் என்ற பெயரை மாற்ற நான் கேட்க மாட்டேன். ஊர் ஏற்ற சொல். ஆனால் தலையில் தூண்டும்போது தாடை இறுகி நாக்கைக் கடித்துவிடும் என்று, கடைவாய்ப் பற்களுக்கிடையே இருபுறமும் துணிச்சுருள் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரும் இதே 'மயக்க டாக்டர்'தான்.