நாள் தள்ளிப்போகும் முன்பே

பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒருநாள் காலை உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி ஐந்து மாதமான பெண் மாமியாரோடு வந்திருந்தாள். நாள் தள்ளி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிராம சுகாதார செவிலியர் சுவர்க் காலண்டரில் விரல் வைத்து வாரம் வாரமாக எண்ணினார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா கண்ணு?" என்றார். "முழுகாம இருக்கறதே இப்பத்தானே தெரிஞ்சுது, நர்சம்மா" என்று மாமியார் பதில் சொன்னார். இருவர் சொன்னதிலும் தப்பில்லை. சிக்கல் அந்தக் காலண்டரில்தான் இருக்கிறது. ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்க வேண்டிய நாள், கர்ப்பம் தெரியும் முன்பே கடந்துவிடுகிறது.

கடைசி மாதவிடாய் ஜனவரி 1ஆம் தேதி வந்தது என்று வையுங்கள். 15ஆம் தேதி வாக்கில் கரு தரிக்கிறது. 29ஆம் தேதி வர வேண்டிய மாதவிடாய் வரவில்லை. சரி, நாலு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் இருப்பார்கள். ஆனால் கருவில் மூளையும் தண்டுவடமுமாக மாறப்போகும் நரம்புக் குழல் பிப்ரவரி 12 வாக்கிலேயே மூடி முடிந்துவிடும். அதாவது கரு தரித்து 28 நாளுக்குள். நாள் தள்ளியது தெரிந்த பிறகு கையில் இருப்பது இரண்டே வாரம்.

மூளையும் தண்டுவடமும் தொடக்கத்தில் ஒரு தட்டையான தகடு. சோமாசிக்கு மாவைத் தேய்த்து, இரண்டு ஓரத்தையும் தூக்கிச் சேர்த்து அழுத்துவோமே, கிட்டத்தட்ட அப்படித்தான் அந்தத் தகட்டின் ஓரங்களும் எழும்பி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகின்றன. ஒட்டுவது கழுத்துப் பகுதியில் தொடங்கித் தலைக்கும் இடுப்புக்குமாக ஓடும். இத்தனையும் நடக்கும்போது கரு ஓர் அரிசி மணி நீளம்தான். தலைப்பக்கம் ஒட்டாமல் நின்றுவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது, குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் நின்றுவிட்டால் முதுகில் தண்டுவடம் திறந்தபடி குழந்தை பிறக்கும். அறுவை சிகிச்சையில் அந்தத் திறப்பை மூடலாம். ஆனால் கெட்டுப்போன நரம்பு திரும்பாது. கால் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாமை, தலையில் நீர் கோத்தல் என்று அந்தக் குழந்தை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஓரங்கள் எழும்ப வேண்டுமென்றால் செல்கள் வேகமாகப் பெருக வேண்டும். ஒவ்வொரு செல்லும் பிரியும் முன் தன் டிஎன்ஏவை நகலெடுக்கிறது. அந்த டிஎன்ஏவின் எழுத்துகளைச் செய்யத் தேவையான ஒற்றைக் கார்பன் துண்டுகளைச் சுமந்து வந்து கொடுப்பது ஃபோலேட் என்ற பி வைட்டமின். மாத்திரையில் இருக்கும் அதன் வடிவம்தான் ஃபோலிக் அமிலம். 1941ல் நான்கு டன் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1928ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டிருந்தார். அதில் இருந்ததும் இதே சத்துதான்.

குழந்தையின் முதுகெலும்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு ஐயமின்றி நிரூபணமானது 1991ல். ஏற்கெனவே இந்தக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மாரை 7 நாடுகளில் சேர்த்து ஆய்வு செய்தார்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்குப் பாதிப்பு 72 சதவீதம் குறைந்தது.

நம் ஊர்க் களிக்கும் கீரைக் கடைசலுக்கும் என்ன குறை என்று கேட்கலாம். கீரை, மொச்சை, காராமணி எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது சூட்டில் சிதையும், வடித்துக் கொட்டும் தண்ணீரோடு போகும். மிஞ்சியதையும் உடல் மாத்திரையில் உள்ளதைப் போல முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. செறிவூட்டப்பட்ட அரிசியிலும் இந்தச் சத்துச் சேர்த்துச் செய்த மணிகளைக் கலக்கிறார்கள். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து சிலர் பொறுக்கி எறிவது இந்த மணிகளைத்தான். எறியாதீர்கள். அதே சமயம், அதை மட்டும் நம்பவும் முடியாது. கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் என்பதுதான் தர அளவு. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கோ தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும்.

பள்ளியில் தரும் வாராந்திர நீல இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகைக்கு நல்லது. ஆனால் அதில் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்தான். 400ஐ ஏழு நாளால் பெருக்கினால் 2800. வாரம் ஒருமுறை மாத்திரை என்றால் அந்த 2800 இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கர்ப்பிணிகளுக்குத் தரும், ஃபோலிக் அமிலமும் கலந்த இரும்புச்சத்து மாத்திரையோ நான்காம் மாதம்தான் தொடங்குகிறது. குழல் மூடி அதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

ஆகவே கரு தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட வேண்டும். முன்பு இப்படிக் குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மருந்து சாப்பிட்டாலோ அளவு கூடும். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது.

"இன்னும் உண்டாகவே இல்ல, அதுக்குள்ள எதுக்கு மாத்திரை?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். அந்தச் செவிலியரிடம் இதைச் சொன்னபோது, மேசை மேலிருந்த தடித்த நோட்டைத் திறந்து காட்டினார். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. ஊரில் புதிதாகக் கல்யாணமான ஒவ்வொருவர் பெயரும் தேதியோடு அதில் இருந்தது. காலையில் வந்த பெண்ணின் பெயரும், ஐந்து மாதத்துக்கு முன்பே.