சகப்பிணைப்பா, பங்கீட்டுப் பிணைப்பா?

“அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதால் உண்டாவது பங்கீட்டுப் பிணைப்பு.” சென்னையில் ப்ளஸ் ஒன் டியூஷன் எடுப்பவர்கள் பலர் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நம் பாடநூலில் இருப்பது சகப்பிணைப்பு. ‘சக’ வடசொல்லாம், அதனால் இந்த மாற்று. வடசொல்லை விலக்குவதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பொருள் தலைகீழாகிற சொல்லைத் தூய தமிழ் என்று கொண்டாட முடியாது.

‘கோவேலன்ஸ்’ என்ற ஆங்கில மூலச்சொல்லை 1919இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்முயர். ‘கோ’ என்றால் உடன். ‘வேலன்ஸ்’ என்றால் இணைதிறன், அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறன். இரண்டு அணுக்களைப் பிணைப்பது ஒரு ஜோடி எலக்ட்ரான் என்ற கருத்து அதற்கு முன்பே, 1916இல், இன்னொரு அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் சொன்னது. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

சரி, பங்கிடுவது என்றால் தமிழில் என்ன? அண்ணன் தம்பி நிலத்தைப் பங்கிட்டால் நடுவில் வரப்பு விழும், ஆளுக்கொரு தனிப்பட்டா வரும். அணுக்களிடம் இருப்பதோ கூட்டுப்பட்டா: முழு நிலமும் இரண்டு பேருக்கும். அண்ணா நகரில் டியூஷன் போகும் என் அக்கா மகளின் நோட்டைப் பார்த்தேன். இரண்டு ஹைட்ரஜன், நடுவே இரண்டு புள்ளிகள், அந்தப் புள்ளிகளுக்கு இடையில் பென்சிலால் ஒரு கோடு. “ஆளுக்கு ஒண்ணு மாமா” என்றாள். அவள் மேல் தப்பே இல்லை, சொல் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது.

ஆற்றல் கணக்கைப் பார்த்தால் இந்தக் கோடு எவ்வளவு தவறு என்பது புரியும். தனித்தனி ஹைட்ரஜன் அணுக்கள் சேரும்போது மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ண வேதியியலார் வைத்திருக்கும் அளவு) 436 கிலோஜூல் வெளிவருகிறது. இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு அணுக்கருக்களும் ஒரே நேரத்தில் ஈர்ப்பதால்தான் இது நடக்கிறது. அதே 436ஐ உள்ளே கொடுத்தால்தான் பிணைப்பு முறியும். முறிந்ததும் என்ன ஆகிறது? ஆளுக்கொரு எலக்ட்ரானோடு பிரிந்து போகின்றன. பங்கீடு என்றால் அதுதான் பங்கீடு! பிணைப்பு அறுந்தபின் நடப்பதைப் பிணைப்புக்கே பெயராக வைத்திருக்கிறோம்.

‘பகிர்வு’ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்பார் உண்டு. அதுவும் ‘பகு’ என்ற வேரிலிருந்து வந்ததுதான், அங்கேயும் பிரிவினைதான். இலங்கைப் பாடநூல்களில் ‘பங்கீட்டு வலுப் பிணைப்பு’ என்கிறார்கள். இணைதிறனுக்கு அவர்கள் வைத்திருக்கும் வலுவளவு என்ற சொல்லோடு அது பொருந்திப் போகிறது, ஆனால் இங்கே படிப்பவருக்கு ‘வலு’ என்றதும் பலம்தான் நினைவுக்கு வரும். பிணைப்பின் பலம் பற்றி ஏற்கெனவே குழப்பம் போதாதா? மின்னேற்றம் பெற்ற அயனிகளால் ஆன உப்பு உருக 801 டிகிரி வேண்டும், சகப்பிணைப்பு கொண்ட தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கிறது, ஆகவே சகப்பிணைப்பு பலவீனமானது என்று எழுதுகிறார்கள். தண்ணீர் கொதிக்கும்போது விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு, மோலுக்குச் சுமார் 41 கிலோஜூல். உள்ளே ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் 460க்கு மேல். அதைக் கொதிநீர் தொடுவதே இல்லை.

அயனிப் பிணைப்பையும் ‘கொடுத்து வாங்குவது’ என்று முடித்துவிடுகிறார்கள். சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவு, குளோரின் அதை வாங்கும்போது வரவு 349. கொடுக்கல் வாங்கலில் மிஞ்சுவது நஷ்டம். வாயு நிலை அயனிகள் கூடிப் படிகமாகும்போது வெளிவரும் 787தான் அதை ஈடுகட்டுகிறது. உலோகப் பிணைப்பில் எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொது. ‘பங்கீடு’ என்று தளர்த்திப் பேசினால் இதுவும் பங்கீட்டுப் பிணைப்பு ஆகிவிடும், அப்புறம் எதற்கு இரண்டு பெயர்?

எந்திர மொழிபெயர்ப்பில் வரும் கட்டுரைகள் இன்னும் மோசம். கடன் பத்திரமும் வேதிப்பிணைப்பும் ஆங்கிலத்தில் ‘பாண்ட்’ என்ற ஒரே சொல் என்பதால் ‘இரசாயனப் பத்திரம்’ என்றே வருகிறது. யாரும் படித்துப் பார்க்காமலே வெளியிடுகிறார்கள்.

‘சக’ வேண்டாம் என்றால் ‘உடன்’ இருக்கிறதே. உடன்பிறப்பு, உடன்படிக்கை வரிசையில் உடன்பிணைப்பு. ‘கோ’ என்பதற்கும் நேர்ப்பொருள். இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு தரும் ஈதல் சகப்பிணைப்பை ஈதல் உடன்பிணைப்பு என்று தயங்காமல் சொல்லலாம். அம்மோனியாவின் நைட்ரஜன் தன் இரண்டு எலக்ட்ரான்களையும் ஈந்து ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டபின், அம்மோனியம் அயனியின் நான்கு பிணைப்புகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. யார் பங்கு எது என்று அங்கே பிரிக்கவே முடியாது.