எருமைத்தோல் இல்லாதவர்கள் புரோகிராம் எழுதக் கூடாதா?

என்னிடம் வேலை பழகிய ஒரு பையன், தன் முதல் பேட்ச்சை, அதாவது புரோகிராமில் செய்த திருத்தத்தை, யாரும் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய ஒரு திறந்தமூல மென்பொருள் திட்டத்துக்கு அனுப்பினான். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கியிருந்தான், பாவம். ஒரே வரியில் பதில் வந்தது: "முதலில் விதிமுறைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு வா."

பேட்ச்சில் தவறு இல்லாமல் இல்லை. திருத்தத்தை விளக்கும் கமிட் செய்தியில், அனுப்புகிறவர் பெயரிட்டுப் பொறுப்பேற்கும் கையொப்ப வரி விட்டுப்போயிருந்தது. "கையொப்ப வரி இல்லை, சேர்த்து மறுபடி அனுப்புங்கள்" என்றால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனான். நான் பின்னாலேயே போய், "இதெல்லாம் சகஜம்டா, தோல் தடிக்கணும்" என்றேன். என்னிடம் என் சீனியர்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறேன். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கடுமை இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்று இந்தத் துறையில் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அதற்கு எப்போதும் காட்டும் உதாரணம் லினக்ஸ் கர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. 2012 டிசம்பரில் அதன் ஒரு பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் செய்த மாற்றத்தால் கர்னல் தவறான பிழை எண்ணைத் திருப்பி அனுப்ப, பயனர்களின் ஒலிச் செயலிகள் பழுதாயின. அவரோ பழியைச் செயலியின் மேல் போட்டார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கெட்ட வார்த்தையோடு, பெரிய எழுத்தில், வாயை மூடச் சொன்னார். விஷயத்தில் லினஸ் சொன்னது சரிதான்: கர்னலை மாற்றினால் பயனரின் செயலி உடையக் கூடாது. ஆனால் அந்த விதியைச் சொல்ல ஒரு வரி போதும். மற்றதெல்லாம் வசவு. அதைப் படித்த இளைஞர்களில் பலர் பிடித்துக்கொண்டது விதியை அல்ல, வசவைத்தான். லினஸ் அளவுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் லினஸ் மாதிரி திட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம், கர்னலில் யூஎஸ்பி 3.0 டிரைவர் என்ற பகுதியைப் பராமரித்த ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் இதை எதிர்த்துப் பேசினார். 2015-இல் கர்னல் வேலையை விட்டு விலகிவிட்டதாக அறிவித்தார். 2018 செப்டம்பரில் லினஸே மன்னிப்புக் கேட்டு, மற்றவர்களின் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போவதாகச் சொல்லிச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே நேரத்தில் நடத்தை விதிகளும் வந்தன. கர்னல் இனி உருப்படாது என்று புலம்பியவர்கள் உண்டு. ஒன்றும் ஆகவில்லை, ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு முன்போலவே வந்துகொண்டிருக்கிறது.

திட்டு எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும் என்றும் இல்லை. ஃபைல்களின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறந்தமூல மென்பொருளை ஒருவர் சம்பளமே இல்லாமல் பராமரித்துவந்தார். 2022-இல் முன்பின் தெரியாத சிலர் "ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு" என்று அவரைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். தனக்கு நீண்டநாள் மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. அப்புறம் "உதவ" வந்த ஒருவருக்குப் பொறுப்பில் பங்கு போனது. அந்த ஆள்தான் உள்ளே, கணினிகளுக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் பிடிபட்டது. குத்திய பெயர்களும் அதே சதியின் பகுதியாக இருக்கலாம் என்று பலரும் சந்தேகிக்கிறார்கள். இப்படித் திட்டுவது அங்கே அன்றாடம் நடப்பதுதானே. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் தோலைப் பற்றி நான் பேசுவதில்லை. பேட்ச் அனுப்பும் முன் அந்தத் திட்டத்தில் பேட்ச்சுகளைச் சரிபார்த்து எழுதிய பழைய ரிவ்யூக்களை இரண்டு மாதத்துக்குப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறேன். புதியவர் தப்புச் செய்தபோது என்ன பதில் வந்தது? அது பிடிக்காவிட்டால் வேறு திட்டம் பாருங்கள், நிறைய இருக்கின்றன. ரிவ்யூ செய்கிறவர்களிடம், "இது குப்பை" என்று விரல் போகும்போது "38-ஆம் வரியில் ஃபைலை மூடவில்லை" என்று எழுதச் சொல்கிறேன். குப்பை என்பதைவிட இது கடினம், ஏனென்றால் 38-ஆம் வரியை உண்மையில் படித்திருக்க வேண்டும்.

அந்தப் பையன் திருத்திய பிழையை நாலு மாதம் கழித்து வேறொருவர் அதே மாதிரி திருத்தி அனுப்பினார். கையொப்ப வரியோடு. சேர்த்துக்கொண்டார்கள். நான் அதை அவனிடம் சொல்லவில்லை.